கழுகுமலைக்கு ஒரு மூட்டை உப்பு

புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். கும்பகோணத்திலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. கோவில்பட்டிக்கு இன்னும் நூறு கிலோமீட்டர். டிக்கெட்டும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்கிற கணக்கில்தான் வந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது, ஆனால் அந்த ஜன்னல் மூட மறுத்தது. சாத்தூர் தாண்டும்வரை ஐப்பசி மாதக் குளிர்காற்று முழுவதையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. என் தங்கை கலா கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். தீப்பெட்டி ஆபீஸில் பதினோரு வருஷம் பண்டல் கட்டினாள். (தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) சூப்பர்வைசரிடம் ஒருநாள் வாய்த்தகராறு ஆகி, வேலையை உதறிவிட்டு, டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, பழைய குட்டி யானை ஒன்றை வாங்கிவிட்டாள். குட்டி யானை என்றால் தெரியுமல்லவா, முக்கால் டன் சுமக்கிற அந்தச் சின்னச் சரக்கு வண்டி. வாங்கிய கையோடு எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, வண்டி எடுத்துட்டேன். நீ வந்தாத்தான் வண்டி நகரும். உடனே கிளம்பி வா."

பாசம் என்று நினைத்தேன். கண்கூடக் கலங்கிவிட்டது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

ஏழரை மணிக்குக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் இறங்கினேன். கலா நடந்து வந்திருந்தாள்.

"வண்டி வாங்கினவ நடந்தா வர்றே?"

"போணி ஆகாத வண்டில ஆளை ஏத்தலாமாக்கா? நல்லா கேட்ட போ" என்றவள், ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள். அறுபது ரூபாய். நான்தான் கொடுத்தேன். சொந்த வண்டி வைத்திருக்கிறவர்களுடன் போனால் இப்படித்தான் செலவாகும் போலிருக்கிறது.

வீட்டில் இட்லிக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. வண்டியின் முதல் வாடகைக்கு ஆள் வேண்டும். யார் கையால் போணி ஆகிறதோ அந்தக் கையின் ராசிதான் வண்டிக்குக் கடைசிவரை. எங்கள் குடும்பத்தில் எனக்குக் கைராசி என்று ஒரு பேர் உண்டு. பெரியப்பா மகன் மெஸ் திறந்தபோது முதல் சாப்பாடு நான் வாங்கினேன், இன்று அவனுக்கு மூன்று மெஸ். பக்கத்து வீட்டு ஜெராக்ஸ் கடையில் முதல் தாள் என்னுடையது, இன்று அந்தக் கட்டடமே அவருடையது. நானாக ஆரம்பித்தவை வேறு ரகம். டியூஷன் சென்டரில் சேர்ந்த ஒரே பையன் பெயிலானான். வியாபாரத்துக்கு வாங்கிய சேலைகளை நானே கட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். காளான் வளர்த்தேன், அதைப் பற்றி வேண்டாம். என் கை மற்றவர்களுக்குத்தான் ராசி என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதெல்லாம் நீ நம்புறியாடி?"

கலா தட்டைக் கீழே வைத்தாள். "நம்பித்தான் ஆவணும். ஸ்டாண்டுல சேத்துக்க மாட்டேங்கிறாவ. மார்க்கெட் பக்கம் வேப்பமரத்தடியில இருபத்தெட்டு வண்டி நிக்குது. லோடு வந்தா முறைப்படி முன்னால நிக்கிற வண்டிக்குத்தான். முறையில நிக்காத வண்டியை எந்தக் கடைக்காரரும் கூப்பிட மாட்டாரு. மூணு தடவை போயிக் கேட்டுட்டேன். இந்த மாசத்துக்குள்ள முறை கிடைக்கலன்னா வண்டியை வித்துட்டு அந்த சூப்பர்வைசர் முன்னாலயே போயி நிக்கணும். அதுக்கு நான்..."

கலா அழுகிற பெண் இல்லை. இட்லியை விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

ஸ்டாண்டின் தலைவர் வேலுச்சாமி அண்ணாச்சி. நெற்றி நிறைய விபூதி, காதில் எப்போதும் ஒரு பீடி, ஐம்பத்தைந்து வயது என்று கலா சொன்னாள். அவர் மூன்று தடவையும் சொன்ன பதில் ஒன்றுதான்: 'இருக்கிற வண்டிக்கே முறை சுத்தி வர ரெண்டு நாளாவுது தாயி.'

ஒன்பது மணிக்கு நான் வாடகை பேசினேன். வண்டி பிடிக்கிறவளிடம் சுமை வேண்டுமே? என்னிடம் ஒரு கைப்பைதான் இருந்தது. போணிக்கு உப்புதான் விசேஷம் என்று கலாவே முடிவு செய்து, மார்க்கெட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய், என் காசில் இருபத்தைந்து கிலோ கல்லுப்பு ஒரு மூட்டை வாங்க வைத்தாள். இருநூற்று ஐம்பது ரூபாய். அதைக் கழுகுமலையில் அவள் புருஷனின் சின்னத்தை வீட்டில் சேர்க்க வேண்டும். மோர்மிளகாயும் ஊறுகாயும் போட்டு விற்கிற அம்மாள் அவர், உப்பு வீணாகாது. தூரம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், வாடகை எண்ணூறு ரூபாய். உப்பின் விலையைவிட உப்பு போகிற செலவு மூன்று மடங்கு. நான் பேரம் பேசினேன். போணியில் பேரம் பேசக்கூடாதாம்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். முக்கால் டன் ஏற்றுகிற வண்டியின் நடுவில் அந்த ஒரு மூட்டை ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஸ்டாண்டைக் கடக்கும்போது கலா வேண்டுமென்றே ஹாரன் அடித்தாள். வேப்பமரத்தடியில் வரிசையாக நின்ற வண்டிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ சிரித்தார்கள். கலா திரும்பவில்லை, ஆனால் அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். முந்தின நாள் மழை பெய்திருந்தது. மக்காச்சோளம் இடுப்பளவு, அதற்கப்பால் உளுந்து, நடுநடுவே மிளகாய். மண் அடுப்புக்கரி நிறத்தில் ஈரமாகப் பளபளத்தது. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் வயலைப் பார்த்தால் எங்காவது ஒரு வாய்க்காலும் தெரியும். இங்கே தண்ணீர் வருகிற வழி என்று கண்ணில் ஒன்றும் படவில்லை, எல்லோரும் மேலே பார்த்துத்தான் விவசாயம் செய்கிறார்கள். அன்றைக்கு மேலே பார்க்கவும் விஷயம் இருந்தது. மேற்கே மேகம் திரண்டு நின்றது.

பத்தேகால் மணி இருக்கும். ஒரு வளைவுக்கு அப்புறம் இன்னொரு குட்டி யானை தார்ச்சாலையை விட்டு இறங்கி, பின்சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கருகிய வாடை அடித்தது. அதற்குப் பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் இரண்டு கையையும் விரித்து எங்களை மறித்தார்.

"வேலுச்சாமி அண்ணாச்சில்லா!" என்று கலா பிரேக்கை அழுத்தினாள். அந்தக் குரலில் இரக்கத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது.

அவரும் இவளைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். வேறு வண்டி வருமா என்று சாலையின் இரு முனைகளையும் பார்த்தார். ஆடு ஒன்று வந்தது.

"கிளட்ச் கருகிப்போச்சு தாயி" என்றார் கடைசியில். "பஸ்ஸுக்கு ஒதுங்குனேன். மண்ணு இழுத்துட்டு."

வண்டி நிறையத் தீப்பெட்டிப் பண்டல்கள். கழுகுமலை குடோனில் வடக்கே போகிற பெரிய லாரி நிற்கிறது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குமுன் லாரியை எடுத்துவிடுவார்கள். இந்தப் பண்டல்கள் ஏறாமல் லாரி போனால் முதலாளி அடுத்த லோடுக்கு இந்த ஸ்டாண்டையே கூப்பிட மாட்டார். ஸ்டாண்டுக்குப் போன் செய்தாராம், வண்டி வர முக்கால் மணி நேரமாகும். மேகம் அதற்குமுன் வந்துவிடும்.

"ஒன் வண்டில மாத்திக் கொண்டுபோனா வாடகை ஒனக்கே. நான் மறுக்கல" என்றார். மூன்று தடவை மறுத்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் மூவருமே சற்று வேறுபக்கம் பார்த்தோம்.

கலா என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "பாத்தியா? கிளம்பி அரை மணி நேரங்கூட ஆவல."

உதவலாம் என்று நான் வண்டியிலிருந்து இறங்கி மண்ணில் கால் வைத்தேன். காவிரிக் கரையில் பிறந்தவளுக்குச் சேறு புதிதா என்று ஒரு தைரியம். எங்கள் சேறு காலைக் கழுவினால் போய்விடும். இது செருப்பைப் பிடித்தது, பிறகு செருப்போடு இன்னொரு செருப்பு அளவு மண் சேர்ந்தது, நான்கு எட்டு வைப்பதற்குள் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். ஐந்தாவது எட்டில் கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"நீ மேல ஏறி நில்லுக்கா, புண்ணியமாப் போவும்" என்றாள் கலா.

இருவரும் பண்டல்களை மாற்ற ஆரம்பித்தார்கள். கலாவின் கை வேகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். பதினோரு வருஷம் கட்டிய பண்டல் அல்லவா, அவள் தூக்கிப் போடவில்லை, கொடுத்து வாங்கினாள். பாதி ஏறியதும் இருவரும் ஒரே நேரத்தில் நின்று, ஒரே நேரத்தில் உப்பு மூட்டையைப் பார்த்தார்கள். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் உப்பு இருந்தால், அதுவும் மழைக்காற்றில், குச்சி நமுத்துப் போகும்.

"மூடையை இங்கனயே ஓரமா வச்சுட்டு வருவோம். திரும்பி வாரப்போ எடுத்துக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

"போணிச் சுமை அண்ணாச்சி."

போணிச் சுமையை நடுவழியில் இறக்கக்கூடாது. போய்ச்சேர வேண்டிய இடத்தில்தான் அது இறங்க வேண்டும். அதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. "அதுவும் சரிதான்" என்று தலையைச் சொறிந்தார்.

எனவே இருபத்தைந்து கிலோ உப்பு என் மடிக்கு வந்தது. குட்டி யானையின் முன்பக்கத்தில் டிரைவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம். வேலுச்சாமி அண்ணாச்சி பண்டல்களின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அது பறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். காதிலிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்தார். பற்ற வைக்க முடியாது என்பது நினைவுக்கு வந்ததும் வெறும் பீடியையே மென்றுகொண்டு வந்தார். எதிரே வந்த சரக்கு வண்டிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்தன. அவரைத் தெரியாத டிரைவர் அந்தச் சாலையில் கிடையாது. கலா வண்டியில், சுமைக்கு மேல் சுமையாக, ஸ்டாண்டுத் தலைவர் போகிறார். ஒரு வண்டிக்காரர் நிறுத்தியே கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன?"

"சோலியைப் பாத்துட்டுப் போலே!"

பதினொன்றரைக்குக் கழுகுமலையின் பாறை முதலில் தெரிந்தது, பிறகு மழையின் முதல் துளி. என் இரண்டு தொடையும் மரத்துவிட்டன. ஊர் எல்லையிலேயே வலது பக்கம் குடோன். வாசலில் பெரிய லாரி நிற்கிறது, அதன் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கலா அதைக் கடந்து நேரே போனாள்.

தலைக்கு மேல் தகரம் இடிந்தது. அண்ணாச்சி கூரையை இரண்டு கையாலும் அடித்தார். "ஏட்டி! குடோனு! குடோனைத் தாண்டுதே!"

கலா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "போணிச் சுமை இறங்காம அடுத்த சுமையை எறக்கலாமா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க!"

மேலே சத்தம் நின்றது. அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. இப்படி ஒரு நிலைமையிலும் அந்த மனிதரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெரசாப் போ!" என்று மட்டும் கேட்டது.

சின்னத்தை வீடு மலையடிவாரச் சந்தில். புது வண்டி வீடு தேடி வருகிறது என்று கலா முன்பே போனில் சொல்லி வைத்திருந்தாள். எழுபது வயது அம்மாள், கண் அவ்வளவு தெளிவில்லை, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, தாம்பாளத்தோடு தயாராக நின்றார். நான் உப்பு மூட்டையோடு இறங்க வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தாம்பாளத்தில் சூடத்தை வைத்து, தீக்குச்சியை உரசி, கொழுந்துவிட்டு எரிகிற தட்டோடு வண்டியைச் சுற்றப் புறப்பட்டார்.

தார்ப்பாய்க்கு மேலிருந்து ஒரு அலறல். "யம்மா! தாயி! பொருத்தாதீங்க! உள்ள பூராவும் தீப்பெட்டி!" வேலுச்சாமி அண்ணாச்சி அந்த வயதில் அப்படிக் குதிப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குதித்து, தட்டிலிருந்த சூடத்தைத் தன் துண்டால் அமுக்கினார். துண்டு கருகியது.

"யாரு இது? வண்டிக்குக் கிளீனரா?" என்று கேட்டார் சின்னத்தை.

கலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கடிக்கவில்லை, சிரித்துவிட்டேன்.

நெருப்பில்லாத தாம்பாளத்தால் மூன்று சுற்று சுற்றி ஆரத்தி முடிந்தது. கலாவும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு முனை பிடித்து உப்பை அடுக்களையில் இறக்கினார்கள். நான் எண்ணூறு ரூபாயைக் கலாவின் கையில் வைத்தேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தபோது, கைராசி என்கிற சங்கதி பொய்யாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. காபி போடுகிறேன் என்ற சின்னத்தையிடம் அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பினார்.

குடோனுக்கு நாங்கள் திரும்பியபோது மழை வலுத்திருந்தது, லாரிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வண்டியைக் கூரைக்கடியில் பின்னோக்கி ஓட்டி, லாரியின் பின்பக்கத்தோடு பின்பக்கமாகக் கலா நிறுத்தினாள். முதல் தடவையிலேயே சரியாக நின்றது. குடோன் ஆள் பண்டல் ஒன்றைப் பிரித்து, குச்சி ஒன்றை எடுத்து உரசிப் பார்த்தார். பற்றியது. பன்னிரண்டு மணிக்குச் சற்றுமுன் லாரி வெளியே போனது.

திரும்பும் வழியில் மழை விட்டது. எனக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு, காலி வண்டியின் பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டே வந்தார். அவருடைய வண்டி கிடந்த இடத்தில் நிறுத்தினோம். மெக்கானிக் வந்திருந்தார். அங்கே சாலை நடுவில் யாரோ திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய், குங்குமச் சிவப்போடு மழையில் கரைந்துகொண்டிருந்தது. எந்த பஸ்ஸுக்கும் ஒதுங்க வேண்டிய இடமாக அது இல்லை. சாலை அங்கே நல்ல அகலம்.

"அண்ணாச்சி," என்றாள் கலா, "பஸ்ஸுக்கா ஒதுங்குனீங்க?"

அவர் பூசணிக்காயையும் எங்களையும் பார்த்தார். "அது மேல ஏத்தலாமா தாயி?" என்றார், குரல் இறங்கி. முப்பது வருஷம் கரிசல் சாலையில் ஓட்டுகிறவர். மழை பெய்த மறுநாள் தாரை விட்டு இறங்கினால் மண் விடாது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் மண்ணா பூசணிக்காயா என்று வந்தபோது மண்ணையே தேர்ந்தெடுத்திருக்கிறார். கலா கேலி செய்வாள் என்று நினைத்தேன். "நானா இருந்தாலும் எறக்கித்தான் இருப்பேன்" என்று சொன்னாள், உண்மையாகவே.

மூன்று மணிக்கு ஸ்டாண்டுக்கு வந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், கூட ஒரு கடலை மிட்டாய் ஐந்து ரூபாய். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து டீயும் குடித்து முடித்திருந்தது. கும்பகோணத்து அக்கா போணி செய்த அரை மணி நேரத்தில் நடுரோட்டில் லோடு கிடைத்ததாம். தலைவர் வண்டியே படுத்து வழிவிட்டதாம். டிரைவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, நம்ம வண்டிக்கும் ஒரு போணி."

"ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு எதுக்கு போணி?" என்று கேட்டேன்.

"டயரு புதுசு, நேத்துத்தான் மாத்துனேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் பெயின்ட் அடித்திருந்தார். மூன்றாமவரிடம் புதிதாக எதுவுமில்லை. ஹாரனை மாற்றிவிட்டு வருகிறேன், அதுவரை இருங்கள் என்று கெஞ்சினார். வேலுச்சாமி அண்ணாச்சி கடைசியாகத் தொண்டையைச் செருமினார். "நம்ம வண்டிக்கும் நாளைக்குக் கிளட்ச் புதுசு."

கலா என்னைத் தனியே இழுத்தாள். கண்ணில் நெருப்பு. "நீ எனக்கு அக்காவா, ஊருக்கு அக்காவா? இந்த இருபத்தெட்டு வண்டியோடதான் நான் போட்டி போடணும். எல்லாத்துக்கும் நீ ராசியைப் பங்கு வச்சுக் குடுத்துட்டா எனக்கு என்ன மிஞ்சும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் குமாஸ்தா. எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"எல்லா வண்டிக்கும் போணி பண்றேன் அண்ணாச்சி. முறையில நிக்கிற வண்டிக்கு மட்டுந்தான். என் தங்கச்சி வண்டியும் அந்த முறையில நிக்கணும்."

டயர் மாற்றியவர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னொரு வண்டி வந்தா நம்ம முறை இன்னும் தள்ளிப் போவும்லா?" அவர் சொன்னதும் சரிதான். லோடு கூடவில்லை, வண்டிதான் கூடுகிறது. கிராமத்துக்கு இரண்டு பேர் நிலத்தை விற்று வண்டி எடுக்கிறார்கள். இந்த மரத்தடிக்கு வருகிற ஒவ்வொரு புது வண்டியும் யாரோ ஒருவருடைய ராத்திரிச் சோற்றில்தான் கை வைக்கிறது. என் தங்கைக்காகக் கேட்கும்போது அது எனக்கு உறுத்தாமல் இல்லை.

"போணியை வச்சு ஒண்ணும் கேக்காதக்கா" என்றாள் கலா திடீரென்று. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அண்ணாச்சி, நீங்க ஏத்துன பண்டல் நனையாமப் போய்ச் சேந்துச்சா, இல்லையா? லாரி கிளம்புறதுக்கு முன்னால சேந்துச்சா, இல்லையா? அதுக்கு முறை உண்டுன்னா குடுங்க. இவ கைக்காகக் குடுத்தா எனக்கு வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் வந்ததை இப்படித் தட்டிவிடுகிறாளே என்று அவளைக் கிள்ளலாம்போல இருந்தது. அண்ணாச்சி கருகிய துண்டை உதறித் தோளில் போட்டார். வரிசையின் கடைசிவரை நடந்து போனார். அங்கே காலால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"ஏலே, கேட்டுக்கிடுங்க. நமக்கு அந்த முதலாளி லோடு இன்னும் இருக்குன்னா அது இவளாலதான். இங்கன கலா வண்டி நிக்கும். கடைசி. நாளைக் காலையில இருந்து" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு, "போணி தனி. அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார்.

அது பாட்டுக்கு நடந்தது. என்னிடம் இருந்த சுமை கைப்பை மட்டும்தான். அதை முதல் வண்டியில் வைத்து ஒரு ரூபாய் வாடகை கொடுப்பேன். டிரைவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறக்கி அடுத்த வண்டிக்குக் கொடுப்பார். டீக்கடைக்காரரிடம் ஒரு ரூபாய் நாணயம் தீர்ந்துபோய் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தார். அண்ணாச்சியின் வண்டி பட்டறையில் இருந்ததால் அதன் சாவியைப் பைமேல் வைத்துச் சடங்கை முடித்துக்கொண்டார். அன்று என் பை இருபத்தேழு வண்டிகளில் பயணம் செய்தது, மரத்தடியைவிட்டு எங்கும் போகவில்லை. கலா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். பாதி வரிசை தாண்டியபோது அவளும் பையைத் தூக்கிக் கொடுக்க வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எனக்கு மதுரை பஸ். போணி ஆன வண்டியிலேயே என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவதாகக் கலா முந்தின நாள் வாக்குக் கொடுத்திருந்தாள். நான் எழுந்தபோது வீட்டில் அவளும் இல்லை, வண்டியும் இல்லை. ஏழு மணிவரை பார்த்தேன், ஏழேமுக்கால்வரை பார்த்தேன். போன் எடுக்கவில்லை. கோபத்தோடு ஆட்டோ பிடித்தேன். இந்தத் தடவை எழுபது ரூபாய் கேட்டார். ஸ்டாண்டு வழியாகப் போகச் சொன்னேன்.

வரிசையின் கடைசியில், அந்தக் கோட்டுக்குமேல், கலா வண்டி நின்றது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள்போல இருந்தாள்.

"கொண்டுபோய் விடறேன்னியேடி?"

"எப்பிடிக்கா வாரது? முறையில நிக்கேன்லா. நான் நவுந்துட்டா எடம் போயிரும்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. ஒரு மாடு நின்றது. "நீதான்டி கடைசி. உன் இடத்துக்கு யார் வரப்போறா?"

"கடைசின்னாலும் எடம் எடந்தானக்கா."

கும்பகோணத்தில் இருபது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அது என் இடம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன் கிடைத்தால் முதலில் அதை விட்டு எழுந்து ஓடுகிறவள் நான்தான். தங்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். பண்டல் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை.

"அத்தானைக் கேட்டதாச் சொல்லு. சேந்ததும் போன் பண்ணு" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரிசையின் முன்னால் ஒரு வண்டிக்கு லோடு வந்து அது வெளியேறியது. ஒவ்வொரு வண்டியாக ஓரிடம் முன்னால் நகர்ந்தது. கலாவின் கண் என்னைவிட்டு அங்கே போனது. சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்ந்து நின்றது. என் கையை அவள் எப்போது விட்டாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்கவில்லை. முன்வண்டியின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஏறி உட்கார்ந்தேன்.